ஒலிபெருக்கி சொன்ன சேதியும் நம் கடமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் ஆற்றிய உரை)

 

நாளொரு கருவி வந்து இறங்கும் காலத்தில் நாம் வாழ்கிறோம். இவற்றைக் கண்டு அஞ்சுவோரும் நம்மில் உண்டு. இவையே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று மயங்குவோரும் உண்டு. புதிய கருவிகள் ஏழை எளியோருக்கு எவ்வாறு பயன்படும், அதில் நம் பங்கு யாது என்பது குறித்துச் சில செய்திகளைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

ஒலிபெருக்கி வந்த புதிதில், அதைத் தொழுகையில் பயன்படுத்தலாமா என்று இந்திய உலமாக்களிடையே நெடுநாள் விவாதம் நடந்தது. சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலில் 1936-ஆம் ஆண்டிலேயே பாங்கு ஒலிபெருக்கி வழியே ஒலித்தது. இன்றோ ஒலிபெருக்கி இல்லாத பள்ளிவாசலைக் காண்பது அரிது. கருவி புதிது என்பதற்காக அது தீயதாகிவிடாது. பழகிவிட்டது என்பதற்காக நல்லதாகிவிடவும் செய்யாது. அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே கேள்வி.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமையை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. அன்று காலை ஆறரை மணியளவில் சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. அலை நம் தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அந்த நேரத்திற்குள் கரையோர மக்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. நமக்குக் கிழக்கே கல்பாக்கத்திலும் உயிர்கள் பறிபோயின. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர்.

ஆனால் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் வேறொன்று நடந்தது. அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்தார். தொலைக்காட்சியில் செய்தியைக் கண்டதும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் வீட்டுப் பக்கம் வருகிறது என்று கேட்டதும், உடனே ஓடுங்கள், ஊரையும் எழுப்புங்கள் என்றார். ஊரார் அங்கிருந்த அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் எச்சரிக்கை விடுத்தனர். சுமார் 3,600 பேர் உயிர் தப்பினர். நூற்றைம்பது வீடுகளும் இருநூறு படகுகளும் அழிந்தன; மனிதர்கள் பிழைத்தார்கள்.

சகோதரர்களே, அந்த ஒலிபெருக்கி அன்று காலையில் வந்ததன்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ஆம் ஆண்டு முதல் புதுச்சேரிப் பகுதி ஊர்களில் இத்தகைய மையங்களை அமைத்துவந்தது. தொலைபேசிக் கம்பி சரியாக எட்டாத இடங்களுக்குக் கம்பியில்லா வானொலி அலை வழியே தகவல் அனுப்பினார்கள். மின்சாரம் நிலையில்லாத இடங்களில் சூரிய ஒளியைப் பயன்படுத்தினார்கள். வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பைக் கணினியில் எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி வழியே மீனவருக்குச் சொன்னார்கள். இம்மையங்களை நடத்தியவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்களே. போர்க்கப்பல்களுக்காகச் சேகரித்த தகவல் கட்டுமர மீனவருக்குப் பயன்பட்டது என்றால், இடையில் நின்று அதை மொழிபெயர்த்துச் சொன்ன ஊர்க்காரர்களால்தான்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மையம் பொதுவிடத்தில் இருக்க வேண்டும், தலித் மக்கள் உட்பட எவரும் தடையின்றி உள்ளே வர வேண்டும் என்பதை அந்நிறுவனம் நிபந்தனையாகவே வைத்தது. எம்பலம் என்ற ஊரில் கோயில் வளாகத்திலேயே மையம் இயங்கியது. வழிபாட்டு இடம் ஊருக்கு அறிவு தரும் இடமாகவும் இருக்க முடியும் என்பதற்கு இது நம் அண்டை மாவட்டத்துக்கு அப்பால் உள்ள சான்று.

இன்று நிலைமை வெகுவாக மாறிவிட்டது. 2007 அக்டோபர் முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2023-ஆம் ஆண்டில் நம் கைபேசிகள் யாவும் ஒரே நேரத்தில் ஒலியெழுப்பிய சோதனையையும் நாம் கண்டோம். அதைவிடப் புதியவையும் வந்துள்ளன. முகத்தில் மாட்டிக்கொண்டால் வேறோர் இடத்திலேயே நிற்பது போலக் காட்டும் மெய்நிகர்க் கருவி அவற்றுள் ஒன்று. ஜோர்டானில் உள்ள ஸஅதரி அகதி முகாமில் வாழும் ஸித்ரா என்னும் பன்னிரண்டு வயதுச் சிரியச் சிறுமியின் வாழ்க்கையை, 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை இந்தக் கருவிக்கான படமாக வெளியிட்டது. நிதி திரட்டும் இடங்களில் அதைக் காட்டினார்கள். அறுவை பயிலும் கண் மருத்துவர்கள், நோயாளியின் கண்ணைத் தொடுமுன் இத்தகைய கருவியில் கைபழகும் வழியும் வந்துவிட்டது.

கண் என்றதும் நீரிழிவு நினைவுக்கு வருகிறது. நம் முஹல்லாவில் அந்நோய் இல்லாத வீடுகளை எண்ணிவிடலாம். அது விழித்திரையைக் கெடுப்பதைப் படத்தைப் பார்த்தே கண்டறியும் கணினி முறையை, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் மருத்துவர்களோடு சேர்ந்து கூகுள் ஆய்வாளர்கள் உருவாக்கி, 2016-இல் முடிவை வெளியிட்டனர். நிபுணர் இல்லாத ஊருக்கு இது பேருதவி. ஆயினும் இதே முறையைத் தாய்லாந்தின் சிற்றூர் மருத்துவ நிலையங்களில் பயன்படுத்தியபோது, அறை வெளிச்சம் சரியில்லாமையால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட படங்களைக் கணினி ஏற்க மறுத்தது. இணையம் மெதுவாக இருந்ததால் நோயாளிகள் காத்துக் கிடந்தனர். கருவி எவ்வளவு கூர்மையாயினும், அது இறங்கும் இடமும் அங்கே நிற்கும் மனிதரும் சரியாக இல்லையெனில் பயன் குறைவே.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு சென்ற மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காகவே அடித்துக் கொல்லப்பட்டார். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியே காரணம். நல்லவாட்டிலும் ஒரு சேதி ஊரைத் திரட்டியது. இங்கும் ஒரு சேதி ஊரைத் திரட்டியது. அங்கே சொன்னவரை ஊர் அறியும், சொன்னது உண்மை. இங்கே சொன்னவர் யாரென்றே தெரியாது, விசாரிக்கவும் ஒருவரில்லை. செய்தி வந்தால் விசாரித்துத் தெளிய வேண்டும் என்பது நமக்கு மார்க்கம் கற்பித்த ஒழுக்கம். அதைக் கைபேசியில் விரல் வைக்கும்போது மறந்துவிடுகிறோம்.

அச்சரப்பாக்கம் கடலோர ஊரன்று. ஆனால் மதுராந்தகம் ஏரி நிரம்பி உபரிநீர் திறக்கும்போது கிளியாற்றங்கரை ஊர்களில் நம் உறவினர்கள் இருக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் பெண் கொடுத்தும் எடுத்தும் இருக்கிறோம். ஆகவே நிர்வாகத்திற்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, வெள்ளம், புயல் போன்ற நேரங்களில் செய்தியைப் பொறுப்பேற்று விசாரிக்க இருவரை நியமிக்க வேண்டும். அவர்கள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணில் உறுதி செய்த பிறகே பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வர வேண்டும். அந்த அறிவிப்பு ஜமாஅத்தாருக்கு மட்டுமன்றி, ஒலி எட்டும் எல்லா வீட்டாருக்கும் உரியது.

இரண்டாவது, மக்தப் முடிந்த பின் மாலையில் அவ்விடத்தைத் திறந்து வைத்து, படித்த நம் பிள்ளைகள் இருவர் கணினியுடன் அமரட்டும். முதியோர் உதவித்தொகை, மாணவர் கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களை எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தரட்டும். வருபவர் எந்தச் சமயத்தவர், எந்தத் தெருவினர் என்று கேட்க வேண்டியதில்லை. பெண்களுக்குத் தனி நேரமும், உதவப் பெண்களும் வேண்டும்.

மூன்றாவது, ஆண்டுக்கொரு முறையேனும் நீரிழிவுக்காரர்களுக்கு விழித்திரைப் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும். போன பார்வை மீள்வது அரிது. முன்கூட்டி அறிந்தால் காக்கலாம்.

இவற்றிற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஸித்ராவின் படத்தைப் பார்த்துக் கண்கலங்குவது எளிது; எதிர்வீட்டு மூதாட்டியின் விண்ணப்பத்தை நிரப்பித் தருவதற்குத்தான் மனம் வேண்டும். அன்று நல்லவாட்டில் கதவை உடைக்க வேண்டியிருந்தது. நம் கதவு திறந்தே இருக்கட்டும்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் கைகளில் உள்ள கருவிகளைப் பிறருக்குப் பயன்தருபவையாக ஆக்கி, நம் ஊர் மக்கள் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.