பழைய இயந்திரமும் புதிய மானியும்

(பஞ்சாயத்து உறுப்பினர்கள் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)

  

துல்லியப் பண்ணையம் என்றவுடன் 2004-ஆம் ஆண்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தொடங்கிய சொட்டுநீர்ப் பாசன முயற்சியே நம்மில் பலருக்கு நினைவு வரும். இன்று நான் பேச விழைவது அதன் வேறொரு கிளையாகும். விதைக்கும்போதும் அறுக்கும்போதும் நடப்பதை அளந்து காட்டும் மானிகளே அவை. இவற்றுக்காகப் புதிய இயந்திரம் வாங்க வேண்டுவதில்லை; ஓடிக்கொண்டிருக்கும் பழைய இயந்திரத்திலேயே பொருத்திக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் மக்காச்சோள விவசாயிகள் பலர் இவ்வாறே செய்துவருகின்றனர். அங்கு வரிசைக்கு வரிசை 75 செ.மீ., விதைக்கு விதை சுமார் 17 செ.மீ. இடைவெளி விடுவது வழக்கம். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் கருவி சென்றால், ஒவ்வொரு குழாயிலும் வினாடிக்கு 13 விதைகள் விழவேண்டும். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து இதை எண்ண இயலுமோ? எட்டு வரிசைக் கருவியில் ஒரு குழாய் மண்ணால் அடைபட்டால், எட்டில் ஒரு பங்கு நிலம் விதையின்றிக் கிடக்கும். பயிர் முளைத்த பின்னரே அது தெரியும். அதற்குள் ஈரம் போய்விடும், பருவமும் போய்விடும்.

மானியின் வேலை எளியது. குழாயின் குறுக்கே ஓர் ஒளிக்கதிர் செல்கிறது. விழும் விதை ஒவ்வொன்றும் அதை மறைக்கிறது. அந்த மறைப்புகளை மானி எண்ணுகிறது. எண்ணிக்கை நின்றதும் ஓட்டுநருக்கு ஒலி கேட்கும். உடனே இறங்கி அடைப்பை நீக்கிவிடலாம். ஆயினும், தேய்ந்த விதைத் தட்டையும் தளர்ந்த சங்கிலியையும் மானி செப்பனிட்டுத் தராது. பழுது பார்க்காத கருவிக்கு மானி வாங்குவது வீண்செலவு என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

அறுவடைக்கு வேறு மானி உண்டு. ஐயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் ஆல் மையர்ஸ் என்பவர் 1992-ஆம் ஆண்டில் இத்தகைய மானியொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தானியம் மேலேறிக் கொட்டுமிடத்தில் ஒரு தகடு இருக்கிறது. தானியம் அதில் மோதும் விசை, தானியத்தின் ஈரம், வண்டியின் வேகம், வெட்டும் அகலம் ஆகியவற்றைக் கொண்டு மகசூல் கணக்கிடப்படுகிறது. செயற்கைக்கோள் வழியே இடமும் தெரிவதால், வயலின் எப்பகுதி எவ்வளவு விளைந்தது என்பது படமாகக் கிடைக்கும். ஆனால் பல வண்டிச் சுமைகளை எடைமேடையில் நிறுத்து, மானியின் கணக்கோடு ஒப்பிட்டுத் திருத்தவேண்டும். அரை அகலம் வெட்டும்போது முழு அகலமென்று மானி எண்ணிக்கொண்டால், நன்கு விளைந்த இடமும் சாவியானதுபோல் தோன்றும்!

நமது சிறு வயல்களுக்கு இப்படம் எவ்வளவு பயன்படும்? வெட்டிய கதிரின் மணி தகட்டை அடையச் சில வினாடிகள் ஆகும். அதற்குள் வண்டி வரப்பருகே திரும்பிவிடுமாதலால் படம் குழம்பும். ஆகவே நெல் அறுக்கும் வாடகை இயந்திரத்துக்கு இது அவசரமன்று. பெரம்பலூர் போன்ற மக்காச்சோளப் பகுதிகளில், கூட்டுறவு முறையில் விதைப்புக் கருவி வைத்திருப்போர் முதலில் விதை எண்ணும் மானியைக் கவனிக்கலாம். நம் குழாயின் அளவுக்குப் பொருந்துமா, கம்பி அறுந்தால் பழுது பார்ப்பவர் அருகில் உண்டா என்று விற்பவரிடம் கேளுங்கள். விதைப்பு முடிந்ததும் மானியைக் கழற்றி வீட்டில் வையுங்கள்; கொட்டகையில் விட்டால் கம்பிகளை எலி கடித்துவிடும்.