கோடை விடுமுறையும் கணிதப் பட்டப்படிப்பும்

(பள்ளுருத்தியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பாட்டும் நாடகமும் காத்திருக்கும் மேடையில் கணக்கைப் பற்றிப் பேச வருவோரை எவரும் விரும்பி வரவேற்பதில்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும், சில நாள்களுக்கு முன் நம் இல்லத்து வாயிலில் நிகழ்ந்த ஓர் உரையாடல் இப்பொருளையே எடுத்துக்கொள்ளுமாறு செய்துவிட்டது.

இவ்வூரில் துணி தேய்த்துக் குடும்பம் நடத்தும் ஓர் அம்மையார் தம் மகளுடன் வந்தார். மகளுக்குக் கணிதத்தில் பட்டம் பெற ஆசை. “சார், கணக்குப் படிச்சா இவளுக்கு என்ன கிடைக்கும்?” என்று தாய் கேட்டார். “காலேஜ் திறக்க இன்னும் மூணு மாசம் இருக்கு சார். அதுவரைக்கும் நான் என்ன செய்யணும்?” என்று மகள் கேட்டாள். இரண்டும் நல்ல வினாக்கள். அன்று நாம் அரைகுறையாகவே விடை கூறினோம். இன்று முழுமையாகக் கூற முயல்வோம். மகளின் வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம்.

பள்ளியில் கணக்கிற் சிறந்து விளங்கிய பலர், கல்லூரியில் முதற்பருவத்திலேயே தடுமாறுகின்றனர். நாமும் அவ்வாறு தடுமாறியவர்களே. முதல் தேர்வில் ‘நிறுவுக’ என்று ஒரு வினா வந்தது. நாம் பத்து எடுத்துக்காட்டுகளைப் போட்டுக் காட்டி, ‘ஆகவே இக்கூற்று உண்மை’ என்று முடித்திருந்தோம். அவ்விடைக்குக் கிடைத்த மதிப்பெண் சுழியம்! அநீதி இழைக்கப்பட்டதாக எண்ணி இரண்டு நாள் உணவு கொள்ளாமல் இருந்தோம். குறை நம்முடையதே என்று உணரப் பல மாதங்கள் ஆயின.

அக்குறை யாது? ஆய்லர் என்னும் கணித மேதை கண்ட ஒரு கோவையைப் பாருங்கள். ஓர் எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்தோடு அவ்வெண்ணையும் 41ஐயும் கூட்டுங்கள். எண் 0 என்றால் 41 கிடைக்கும். 1 என்றால் 43. 2 என்றால் 47. 3 என்றால் 53. யாவும் பகா எண்கள். 39 வரையில் எதனை இட்டாலும் பகா எண்ணே வரும். நாற்பது சான்றுகள் ஒரே வாக்காகச் சாட்சி கூறுகின்றன. வழக்குமன்றத்தில் இது போதும், கணிதத்தில் போதாது. 40ஐ இட்டால் வருவது 1,681. அது 41ஐ 41ஆல் பெருக்கிய தொகை. பகா எண் அன்று. எடுத்துக்காட்டு வேறு, நிறுவல் வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் பாடம் ஒன்றை நாம் கண்டதில்லை.

நிறுவல் என்பது எட்டாக் கனியும் அன்று. ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டுங்கள். 1, 1, 3 கூட்டினால் 4, 1, 3, 5 கூட்டினால் 9. ஒவ்வொரு முறையும் வர்க்க எண்ணே வருகிறது. ஏன்? தரையில் ஓடு பதிப்பதாக எண்ணுங்கள். பக்கத்துக்கு மூன்று ஓடுகள் உள்ள சதுரத்தைப் பக்கத்துக்கு நான்கு ஓடுகளாகப் பெருக்க வேண்டுமாயின், ஒரு பக்கம் மூன்று, அடுத்த பக்கம் மூன்று, மூலையில் ஒன்று. ஆக ஏழு ஓடுகள் வேண்டும். ஏழு என்பதுதான் அடுத்த ஒற்றைப்படை எண். நூறு ஓடுகள் உள்ள பக்கத்தைப் பெருக்கினாலும் முறை இதுவே: நூறு, மற்றொரு நூறு, மூலையில் ஒன்று. எந்த எண்ணுக்கும் பொருந்தும் காரணம் கிடைத்துவிட்டது. இதுவே நிறுவல்.

இனி, புலம் பெயர்ந்த நம் பிள்ளைகளுக்கே உரிய ஓர் இடர்ப்பாட்டையும், அதனுள் மறைந்துள்ள ஒரு நன்மையையும் கூற வேண்டும். நம் வீட்டில் ‘சதுரம்’ என்றால் நான்கு பக்கமும் சமமான உருவம். மலையாளப் பள்ளியில் ‘சதுரம்’ என்றால் நாம் செவ்வகம் என்று சொல்லும் உருவம்; நம் சதுரத்தை அவர்கள் ‘சமசதுரம்’ என்பர். இரண்டும் தத்தம் மொழியிற் சரியே. இக்குழப்பத்தைக் கடந்து வந்த பிள்ளை, சொல்லை நம்பாதே, வரையறையைக் கேள் என்னும் உண்மையைச் சிறு வயதிலேயே அறிந்துகொள்கிறது. கல்லூரிக் கணிதத்தின் முதற் பாடமும் அதுவே. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம் என்று அஞ்ச வேண்டா. ஒரு வரையறையை ஆங்கிலத்தில் மனனம் செய்த பின், அதனைத் தமிழில் உங்கள் பாட்டிக்குச் சொல்லிப் பாருங்கள். சொல்ல இயலவில்லையாயின், இன்னும் விளங்கவில்லை என்பது பொருள்.

தாய்மொழியில் உயர் கணிதம் நிற்குமா என்று ஐயுறுவோர், நாம் வாழும் இக்கேரள மண்ணின் வரலாற்றை நோக்குக. இங்கிருந்து வடக்கே இரிஞ்ஞாலக்குடைப் பகுதியைச் சேர்ந்தவராகக் கருதப்படும் சங்கமக் கிராமத்து மாதவர், 14ஆம் நூற்றாண்டில், வட்டத்தின் சுற்றளவைக் காண முடிவிலாத் தொடர் ஒன்றைக் கண்டார். ஒன்றிலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, ஏழில் ஒரு பங்கைக் கழித்து, இவ்வாறே சென்றுகொண்டிருந்தால், ‘பை’ என்னும் எண்ணின் கால் பங்கை அடைவோம். ஐரோப்பாவில் இதனை லைப்னிட்ஸ் கண்டது 1670களில். மாதவர் மரபில் வந்த சியேட்டதேவர் 16ஆம் நூற்றாண்டில் ‘யுக்திபாஷை’ என்னும் நூலை இயற்றி, இம்முடிவுகளுக்கு உரிய காரணங்களைப் படிப்படியாக விளக்கினார். எம்மொழியில்? வடமொழியில் அன்று, மலையாள உரைநடையில். அந்நூலின் ஒரு பகுதி 1948ஆம் ஆண்டில் திருச்சூரில் விளக்கக் குறிப்புகளுடன் அச்சேறியது.

மாணவர்களே, இத்தொடரை நீங்களே கையால் போட்டுப் பாருங்கள். பத்து உறுப்புகள் வரை கூட்டிக் கழித்து நான்கால் பெருக்கினால் 3.0418 வரும்; உண்மை மதிப்பாகிய 3.14159க்கு இது மிகத் தொலைவு. மாதவர் மரபினர் இதற்குத் திருத்தமும் கண்டனர். பத்து உறுப்புகளுக்குப் பின் 401இல் 40 பங்கைச் சேர்த்தால் ஐந்து தசம இடங்கள் வரை விடை சரியாகும். இத்திருத்தம் எங்கிருந்து வந்தது என்று வியப்புத் தோன்றுமாயின், நீங்கள் கணிதம் படிக்கத் தக்கவர்கள்.

இனி மூன்று மாதங்களைப் பகுத்துக் கூறுவோம். முதல் மாதம், பழைய வீட்டைப் பழுது பார்க்கும் மாதம். இயற்கணிதம், முக்கோணவியல், வகையீடு, தொகையீடு ஆகியவற்றில் கை தடுமாறும் இடங்களைக் கண்டுபிடித்து, கணிப்பொறியின் துணையின்றிப் போட்டுப் பழகுக. இரண்டாம் மாதம், நிறுவலுக்கு உரியது. இரண்டின் வர்க்கமூலம் பின்னமாகாது என்பதையும், பகா எண்கள் முடிவற்றவை என்று யூக்ளிட் காட்டியதையும், கணிதத் தொகுத்தறி முறையையும் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். போல்யா 1945இல் வெளியிட்ட, கணக்கை அணுகும் முறை பற்றிய சிறு நூலும், கூரண்டும் ராபின்சும் 1941இல் வெளியிட்ட ‘கணிதம் என்றால் என்ன’ என்னும் பொருளுடைய தலைப்புக் கொண்ட நூலும் நல்ல துணைகள். மூன்றாம் மாதம், எல்லை என்னும் கருத்தின் துல்லியமான வரையறையை மட்டும் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லச் சிந்திக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் போதும். நாள் தவறாமை முக்கியம். முதலாண்டுப் பாடம் முழுவதையும் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும் என்று பேராசை கொள்ள வேண்டா. பத்துப் பக்கத்தை விளங்கிப் படித்தவர், நூறு பக்கத்தைப் புரட்டியவரை முந்துவார்.

இவ்விடத்தில் இராமானுசன் பெயரை எவரேனும் கூறுவர். கும்பகோணத்துப் பிள்ளையாக இருந்தபோது, ஏறத்தாழ 5,000 முடிவுகளை மிகச் சுருக்கமாகத் தொகுத்திருந்த கார் என்பாரின் நூலைத் தனித்திருந்து கற்று மேதையானார், உண்மையே. 1914இல் கேம்பிரிட்சு சென்றார். 1918இல் அரசவைக் கழகத்தின் உறுப்பினரானார். ஆனால், அவர் ஏனைய பாடங்களைக் கைவிட்டதனால் கல்லூரி உதவித்தொகையை இழந்ததும், பட்டம் பெறாமல் வறுமையில் உழன்றதும் அதே வரலாற்றின் பகுதிகள். அவர் வெற்றியைப் போற்றுவோம். அவர் பட்ட துன்பத்தை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டா. ஆங்கிலத் தாளையும் ஒழுங்காகப் படியுங்கள்!

இப்பொழுது தாயின் வினாவுக்கு வருகிறோம். கணிதப் பட்டம் கையில் வந்தவுடன் பொன் கொழிக்கும் என்று நாம் பொய் கூற மாட்டோம். ஆனால் வழிகள் உண்டு. ஆசிரியப் பயிற்சி பெற்று ஆசிரியராகலாம். வங்கித் தேர்வுகளை எழுதலாம். காப்பீட்டுக் கணக்கியல் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதலாம். கணினித் துறைக்குச் செல்லலாம். இந்தியப் புள்ளியியற் பணிக்குப் பட்டப்படிப்பில் புள்ளியியலும் ஒரு பாடமாக இருத்தல் வேண்டும். ஆகவே துணைப்பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அதனை எண்ணிப் பார்க்க வேண்டும். கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024 முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. மூன்றாம் ஆண்டின் முடிவிலும் பட்டத்துடன் வெளியேறலாம். குடும்பநிலை அறிந்து முடிவு செய்ய இது உதவும். மேலும் கற்க விழைவோர்க்கு, 1993இல் குமரேசன் என்னும் பேராசிரியர் தொடங்கிய கோடைக் கணிதப் பயிற்சித் திட்டம் போன்ற வாய்ப்புகள் பட்டப்படிப்பின்போதே உள்ளன. 2007இல் ஏபெல் பரிசு பெற்ற வரதன் அவர்களும் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று சென்றவரே.

நிறைவாக ஒன்று. அம்மாணவி அடுத்த வாரம் மீண்டும் வந்தாள். சலவைக் கணக்குத் தாளின் பின்புறத்தில் மாதவரின் தொடரைப் பத்து உறுப்புகள் வரை போட்டிருந்தாள். மூன்றாவது உறுப்பில் ஒரு பிழை. தானே கண்டு அடித்துத் திருத்தியிருந்தாள். “எப்பொழுது போட்டாய்?” என்றோம். “ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு சார். பகல்ல கடைக்கு ஆள் இல்லை” என்றாள்.

பெரியோர்களே, நம் வேண்டுகோள் இதுவே. நம் பிள்ளைகளுக்கு அறிவு குறைவன்று, பகற்பொழுதே குறைவு. கடைக்கும் அடுப்படிக்கும் அவர்கள் கை வேண்டியிருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், இம்மூன்று மாதங்களில் காலையில் இரண்டு மணி நேரத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் விட்டுக்கொடுங்கள். நம் சங்கத்தின் அறை காலையில் பூட்டியே கிடக்கிறது. அதனைத் திறந்து, ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் போடுவோம். கணக்கு விளங்காதபோது கேட்க ஆள் வேண்டுமாயின், காலை ஏழு மணிக்கு நாம் அங்கு இருப்போம்.

அந்த அம்மையார் இன்னும் முழு மனத்துடன் இசையவில்லை. ஆனால், திங்கட்கிழமை முதல் மகளை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். நாற்காலிகள் அதற்குள் வந்து சேரட்டும்.