பூட்டும் திறவுகோலும்



தன் மக்களின் செய்திகள் அயலான் பேழையில் கிடத்தல் ஆகாது என்று ஓர் அரசு கூறின், தன்மானமுடையார் மறுப்பரோ? மறார். தன் நாட்டில் விற்கும் பேசியில் தன் நாட்டார் ஆக்கிய மென்பொருள் இருத்தல் வேண்டுமெனின் வெறுப்பரோ? வெறார். ஆயின், அவ்விரண்டையும் முழக்கிய உருசிய நாட்டில் நிகழ்ந்தது யாது?

உருசியக் குடிமக்களின் தனித்தரவுகள் உருசிய மண்ணிலேயே வைக்கப்படல் வேண்டும் என்னும் சட்டம் 2014-இல் இயற்றப்பெற்று, 2015 செபுத்தம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு இணங்காத 'இலிங்கிடின்' என்னும் அமெரிக்க வலைத்தளம் 2016 நவம்பரில் முடக்கப்பட்டது. அவ்வாண்டே மற்றொரு சட்டமும் பிறந்தது. தொலைபேசி நிறுவனங்கள் மக்களின் பேச்சையும் குறுஞ்செய்தியையும் ஆறு திங்கள் வரை சேமித்து வைத்து, பாதுகாப்புத் துறையினர் கேட்குங்கால் தருதல் வேண்டும் என்பது அது. அயலானுக்கு மூடிய பேழை, அரசுக்குத் திறந்தே கிடந்தது!

இனி, மென்பொருளுக்கு வருவோம். 2021 ஏப்பிரல் முதல், விற்கப்படும் திறன்பேசிகளில் உருசியச் செயலிகள் முன்னரே பதிக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்று சட்டமாயிற்று. உள்நாட்டுத் தொழிலைக் காக்கவே இஃது என்றனர். அவ்வாண்டு செபுத்தம்பர் 17, நாடாளுமன்றத் தேர்தல் தொடங்கிய நாள். எதிரணித் தலைவராயிருந்த நவால்னியின் அணியினர், எவர்க்கு வாக்களிப்பது என வழிகாட்டும் செயலி ஒன்றை ஆக்கியிருந்தனர். அரசின் நெருக்குதலால் ஆப்பிள், கூகுள் நிறுவனங்கள் அதனைத் தம் செயலிக் கடைகளினின்று அன்றே அகற்றின. இன்ன செயலி இருந்தே தீரவேண்டும் என்ற கை, இன்ன செயலி இருத்தலாகாது என்றும் நீண்டதன்றோ? 2025 ஆகசுட்டில் வாட்சப்பு, தெலிகிராம் வழியே குரலால் உரையாடுதல் கட்டுப்படுத்தப்பட்டது. செபுத்தம்பர் முதல் நாளில் 'மாக்சு' என்னும் உள்நாட்டுச் செயலி, விற்கும் பேசிதோறும் கட்டாயமாயிற்று.

அன்பர்களே! உள்நாட்டுடைமை வேறு, உரிமை வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதைப் பறிப்பார் எந்நாட்டிலும் எழலாம். தம் மொழியில் கருவிகள் வேண்டும், தம் மண்ணில் தரவு வேண்டும், ஐயமில்லை. அவற்றோடு, வேண்டாத செயலியை நீக்கும் உரிமையும், முறைமன்ற ஆணையின்றித் தரவை எவரும் தொடாத காப்பும் குடிமகனுக்கு வேண்டும். இவையின்றேல், வெளியிலிருந்து வந்த ஆண்டை போய் உள்ளிருந்து ஓர் ஆண்டை வந்ததே மிச்சம்.

வீட்டுக்கு நல்ல பூட்டு வாங்கியவன், திறவுகோலைக் காவலன் கையிற் கொடுத்துவிட்டு உறங்கலாமோ? பூட்டு எந்நாட்டில் ஆக்கியது என்று வினவுவோர், திறவுகோல் எவர் கையில் உளது என்றும் வினவுக!