எடு, பிடி, கொள்: ஒரு பிரெஞ்சு வினையும் நம் தமிழும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பொம்மசந்திராவில் வாழும் நம் பிள்ளைகளுக்கு வீட்டிலே தமிழ், வீதியிலே கன்னடம், வகுப்பிலே ஆங்கிலம். இவற்றிற்கு மேலே சிலர் பள்ளியில் பிரெஞ்சும் பயில்கின்றனர். ‘சுமை மிகுந்துவிட்டது, தமிழைச் சற்றே ஒதுக்கினால் என்ன?’ என்று வினவும் பெற்றோரும் உளர். அங்ஙனம் ஒதுக்குவது தமிழுக்கு மட்டுமன்று, அப்பிரெஞ்சுக் கல்விக்கும் இழப்பே என்பதை ஒரே வினைச்சொல்லைக் கொண்டு காட்ட விழைகின்றோம்.

அச்சொல் ‘பிராந்த்ர்’. ஆங்கிலத்தில் இதற்கு முதற்பொருள் ‘டேக்’. மாணவன் அதனை மனப்பாடம் செய்கிறான். ஆனால் முடிவைப் பிரெஞ்சுக்காரர் ‘எடுப்பர்’. ஆங்கிலத்திலோ அது பெரும்பாலும் ‘மேக்’. பயணச்சீட்டை எடுப்பர், ஆங்கிலத்தில் ‘பை’. காலைச் சிற்றுண்டியை எடுப்பர், ஆங்கிலத்தில் ‘ஹேவ்’. சளியை எடுப்பர், ஆங்கிலத்தில் ‘கேட்ச்’. உடல் எடையை எடுப்பர், ஆங்கிலத்தில் ‘கெயின்’. ஒரு வினைக்கு ஐந்து வினைகள்! பிள்ளை மலைக்காமல் என் செய்யும்?

இனித் தமிழின் துணையை நாடுவோம். நாமும் முடிவு எடுக்கின்றோம், டிக்கெட் எடுக்கின்றோம். நமக்குச் சளி பிடிக்கிறது. வீடு ‘தீயை எடுத்தது’ என்பர் அவர். ‘தீப்பிடித்தது’ என்போம் நாம். செடி ‘வேரை எடுத்தது’ என்பர். ‘வேர் பிடித்தது’ என்போம். தாறுமாறாக நடப்பவனை நோக்கி, ‘உன்னை எது எடுத்தது?’ என்பர், நாமோ, ‘உனக்கென்ன பைத்தியம் பிடித்ததா?’ என்போம். அவ்வினையின் இலத்தீன் மூலத்திற்குப் ‘பற்றுதல்’ என்பதே பொருள். ஆதலின் நம் எடுத்தலும் பிடித்தலும் அதனோடு இணங்கி நிற்கின்றன.

அஞ்சி ஓடுபவன் ‘கால்களைக் கழுத்துக்கு எடுத்தான்’ என்பது பிரெஞ்சு மரபு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நகைப்பே மிஞ்சும். ‘ஓட்டம் எடுத்தான்’ என்றால் போதும், பொருள் விளங்கிவிடும். அற்பத்திற்குச் சினப்பவன் ‘ஈயை எடுத்தான்’ என்பர். நமக்கோ அவன் மூக்கின்மேல் கோபம் உடையவன். எல்லாம் ஒத்துவிடும் என்று எண்ணற்க. அவர் எடுக்கும் காற்றை நாம் ‘வாங்குகின்றோம்’. பணி முடிவில் அவர் எடுக்கும் ஓய்வை நாம் ‘பெறுகின்றோம்’. வினையின் பொருளை அதன் அருகிருக்கும் பெயரே தீர்மானிக்கிறது என்னும் உண்மையைத் தமிழ்ப் பிள்ளை தன் வாய்மொழியிலேயே அறிந்திருக்கிறது.

இவ்வினையின் கிளைகள் இரண்டைக் காண்மின்: ‘அப்ராந்த்ர்’, கற்றுக்கொள்ளுதல், ‘கோம்பிராந்த்ர்’, புரிந்துகொள்ளுதல். இரண்டிலும் நம் ‘கொள்’ தோன்றுவதைக் கருதுக. அறிவு என்பதும் கைப்பற்றத்தக்க பொருளே என இரு மொழியினரும் எண்ணியுள்ளனர். கன்னடரும் ‘கலிதுகொள்ளு’ என்கின்றனர். நாம் துருப்பிடித்தது என்பதை அவர் ‘துக்கு ஹிடி’ என்பர். நம் ‘பிடி’ அவர் வாயில் ‘ஹிடி’. தமிழை அறிந்த பிள்ளைக்கு அண்டை வீட்டு மொழியும் அயலன்று.

நம் ஆலை வட்டாரத்திற்கும் இவ்வினை புதிதன்று. பெயர்ப்பலகைகளில் காணும் ‘எண்டர்பிரைசஸ்’ இவ்வினையின் வழி வந்த சொல்லே. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தொழில் பயிலும் நம் இளைஞர்களின் ‘அப்ரண்டிஸ்’ என்ற பெயரும் அவ்வழியினதே.

பிரெஞ்சும் தமிழும் நெடுநாள் பழகிய ஊர் புதுச்சேரி. மூசே, துபுயி என்னும் பாதிரிமார் இருவர் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி, 1855-இலும் 1862-இலும் இரு தொகுதிகளாக அங்கு வெளிவந்தது. ஆங்கிலத்தை இடைநிறுத்தாது, தமிழ்ச் சொல்லுக்கு நேரே பிரெஞ்சில் பொருள் தந்தனர் அவர்கள். 1954 நவம்பர் 1 அன்று அவ்வூரின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. அவர்கள் காட்டிய வழி இன்றும் நமக்குப் பயன்படும்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை பிரெஞ்சுப் பாடத்தை விரிக்கும்போது, ‘இதனைத் தமிழில் எப்படிச் சொல்வாய்?’ என்று ஒரு முறை கேளுங்கள். அம்மொழியை அறியாத தாயும் பாட்டியும் அப்பொழுதே ஆசிரியராகிவிடுவர். தமிழ் நம் பிள்ளைகளின் தலைமேற் சுமையன்று. பிற மொழிகளைப் பற்றி ஏறுதற்குரிய கைப்பிடி. அக்கைப்பிடியைத் தளர விடாதிருப்போமாக!