பெயர் ஒன்று, ஒலி பல

(கண்டிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இம்மலைநகரை இறுதியாக ஆண்ட மன்னன் இராசசிங்கன் என்கிறோம் நாம். ராஜசிங்ஹ என்கின்றனர் சிங்கள மக்கள். வடமொழியில் அது ராஜசிம்ஹ. அதே 'சிம்ஹ' பஞ்சாபில் 'சிங்' ஆயிற்று. 1815இல் முடியிழந்து, 1832இல் வேலூரில் மறைந்த மன்னன் ஒருவனே, ஒலிகள்தாம் பல. நாம் யோவான் எனும் பெயரைப் பிரெஞ்சுக்காரர் ழான் என்றும், உருசியர் இவான் என்றும் அழைக்கவில்லையா?

இது அறியாமையால் வந்த பிழையன்று. நாவின் பழக்கமும் எழுத்தின் அமைப்புமே காரணம். ரகரம் சொல்லுக்கு முதலாகாது என்பது தமிழ் மரபு. ஆதலால் இகரம் முன்வந்தது. நமது ககரம் ஒன்றே. சொல்லின் முதலில் வன்மையாகவும், மெல்லெழுத்தின் பின் மென்மையாகவும் ஒலிக்கும். சிங்களத்திலோ அவ்விரு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. எனவே கணேசன் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் 'கே'யில் தொடங்குவார். மற்றவர் 'ஜீ'யில் தொடங்குவார். ழகரம் சிங்களத்தில் இல்லை. அழகம்மை அங்கே அளகம்மை ஆகிறாள். தந்தை பெயரை முன்வைப்பது நம் வழக்கு. குடும்பப் பெயர் கேட்கும் படிவத்திலோ மகன் பெயரே குடும்பப் பெயராகிவிடுகிறது!

இதனால் வரும் கேடு யாது? பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறோர் எழுத்து, காணி உறுதியில் மூன்றாவது எழுத்து. கலஹாவிலும் தெல்தோட்டையிலும் ஆயுள் முழுதும் உழைத்தவர், சேமலாப நிதியைப் பெறச் சென்றால், "இவரும் அவரும் ஒருவரே" என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுக்க வேண்டியவராகிறார். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின் கடதாசிக்காக அலைந்த மக்களுக்கு, ஓர் எழுத்தின் விலை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அயலவர் நாவை நாம் குறைகூறவில்லை. சிங்களப் பெயர்களை நாமும் நம் நாவுக்கேற்பவே சொல்கிறோம். ஒலி வேறுபடலாம், உரிமை வேறுபடலாகாது என்பதே நம் வாதம். 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும் அலுவலரோடு தமிழில் கருமமாற்றலாம். தமக்கு வழங்கப்படும் ஆவணத்தையோ அதன் மொழிபெயர்ப்பையோ தமிழில் பெறலாம். 1988இன் பதினாறாம் திருத்தம் தந்த உரிமை இது. ஏட்டில் உள்ள உரிமை, கேட்பாரின்றேல் ஏட்டிலேயே உறங்கும்.

ஆகவே, குழந்தையின் பிறப்பைப் பதியும்போதே பெயரைத் தமிழில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலைக் குடும்பத்தார் கூடி ஒருமுறை தீர்மானியுங்கள். பாடசாலை முதல் காணி உறுதிவரை அதனையே கையாளுங்கள். ஒப்பமிடுமுன் வாசித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாத மொழியாயின், தெரிந்தவரைக் கொண்டு வாசிப்பியுங்கள். படித்த இளைஞர்களே! தோட்டந்தோறும், கிராமந்தோறும் சென்று இப்பணியில் துணைநில்லுங்கள்.

அயலவர் நம் பெயரை எவ்வாறும் அழைக்கட்டும். அதனை எவ்வாறு எழுதுவது என்று தீர்மானிக்கும் உரிமை நமதாகட்டும்!