வெல்லாவெளியின் இரவுக் காவல்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை. மேற்குக் கரை படுவான்கரை. ஞாயிறு எழுவதையும் படுவதையும் கொண்டு அந்நாட்டு மக்கள் இட்ட பெயர்கள் இவை. களுவாஞ்சிக்குடியை அடுத்த பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரையுள் சென்றால், வயல்களின் நடுவே வெல்லாவெளியைக் காணலாம். போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் இருக்கும் ஊர் அது.

2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் படுவான்கரையிற் போர் கடுமையாயிற்று. மக்கள் வாவியைக் கடந்து எழுவான்கரையில் அடைக்கலம் புகுந்தனர். அந்நாட்களில் மட்டக்களப்பு மாவட்டத்தில் இடம்பெயர்ந்திருந்தோர் ஓர் இலட்சத்துக்கும் அதிகம். மே மாதத்தில் மீள்குடியேற்றம் தொடங்கிற்று. 2009 மே மாதத்தில் நாட்டிற் போரே முடிந்தது. வேட்டொலி அடங்கிவிட்டது; ஆயின், பாதுகாப்பு வந்துவிட்டதா?

பாதுகாப்பு என்றதும் படையும் எல்லையும் நினைவுக்கு வருவது வழக்கம். பாகிஸ்தானியப் பொருளியலறிஞர் மஹ்பூப் உல் ஹக்கின் வழிகாட்டலில் 1994இல் வெளிவந்த ஐக்கிய நாடுகள் மனித அபிவிருத்தி அறிக்கை இவ்வழக்கத்தை மாற்ற முயன்றது. அரசின் பாதுகாப்பு மட்டும் போதாது. உணவு, தொழில், உடல்நலம், சுற்றுச்சூழல், உயிர் ஆகியவற்றில் ஒவ்வொரு மனிதனும் அச்சமின்றி வாழ்வதே பாதுகாப்பு என்றது. அறிஞர் அவையிற் பிறந்த கருத்தே எனினும், வெல்லாவெளி உழவனுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. அவனுடைய இரவே அதற்கு உரை.

போர் நடந்த பகுதிகளில் ஆளற்றுக் கிடந்த காணிகளிற் பற்றைக்காடு மண்டிற்று. அத்தகைய இளங்காடு யானைக்கு மிகவும் உகந்த மேய்ச்சல் நிலம். திரும்பி வந்த உழவன் மீண்டும் ஏரைப் பூட்டியபோது, அவனுக்கு முன்னரே யானை அங்கே குடியேறியிருந்தது. முன்பு எறிகணைக்கு அஞ்சி விழித்திருந்தவன் இப்பொழுது யானைக்கு அஞ்சிப் பரணில் விழித்திருக்கிறான். கையில் ஒரு பந்தமும் சில யானை வெடிகளுமே அவனுக்குத் துணை. நெல் மணத்தை நாடி வரும் யானை வீட்டுச் சுவரையும் இடிக்கும். ஆதலால் நெல்லை வீட்டில் வைக்க அஞ்சுபவன், விலை தாழ்ந்த அறுவடை நாளிலேயே களத்தில் விற்றுவிட நேரும். உயிரச்சம் இவ்வாறு வறுமைக்கும் வழிகோலுகிறது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 150க்கு மேற்பட்ட மனிதரும் 400க்கு மேற்பட்ட யானைகளும் இப்பூசலில் மாண்டனர்.

யானைக்கும் சமாதானத்துக்கும் என்ன தொடர்பு என்று நகைப்பாரும் இருக்கலாம். வீட்டுத் தலைவனை யானை கொன்ற பின்னரும் அதிகாரி எவரும் எட்டிப் பார்க்காவிடின், பழைய மனக்கசப்பு மறுபடி தளிர்க்கும். இன்னொன்றும் உண்டு. வெல்லாவெளிக்கு அப்பால் அம்பாறை மாவட்டத்துச் சிங்களக் கிராமங்களும் இதே துன்பத்தில் உழல்கின்றன. யானைக்கு மாவட்ட எல்லையும் தெரியாது, மொழியும் தெரியாது. ஓர் ஊரார் வெடி கொளுத்தி விரட்டினால் அது அடுத்த ஊர் வயலில் இறங்கும். தமிழ் உழவனும் சிங்கள உழவனும் கூடிப் பேசாமல் இதற்குத் தீர்வில்லை. மேடைப் பேச்சு ஆயிரம் செய்யாத வேலையை இந்த ஒரு தேவை செய்யக்கூடும்.

சடாகோ ஒகாட்டாவும் அமர்த்தியா சென்னும் தலைமை வகித்த மனிதப் பாதுகாப்பு ஆணைக்குழு, காத்தலோடு மக்களை வலுவுடையோராக்குதலும் வேண்டும் என்று 2003இல் வற்புறுத்தியது. வேலி விடயத்தில் இது கண்கூடு. நெடுங்காலமாக மின்வேலிகள் பல இரு திணைக்களங்களின் காட்டெல்லைகளிலே போடப்பட்டன. யானையோ வேலியின் இருபுறத்திலும் நின்றது! கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையில் 2020இல் ஆக்கப்பட்ட தேசியச் செயற்றிட்டம், வேலியை ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் போடுக, அதனை ஊராரே பேணுக என்று பரிந்துரைத்தது. குருநாகல் மாவட்டத்துக் கல்கமுவைப் பகுதியிற் செய்து பார்த்த முறை அது. விதைப்புக் காலத்தில் உழவரே கூடி வயலைச் சுற்றிக் கம்பி கட்டுகின்றனர். முறைவைத்துக் காவல் புரிகின்றனர். அறுவடை முடிந்ததும் கம்பியைச் சுருட்டி எடுத்துவிடுகின்றனர். பின்பு வயலில் எஞ்சிய தாளை மேய யானைக்கு வழி திறந்திருக்கிறது.