தண்ணீர் வடிந்த பிறகு வந்த பழுது

(2024 செப்டம்பர் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மழைக்காலத்துக்கு முன் வண்டிகளைப் பார்த்துக்கொள்வது பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வண்டியின் கதைதான். அதுவும் என் வண்டி இல்லை. தினமும் காலை ஏழு மணிக்கு நம் கேட் வாசலில் வந்து நிற்குமே, காய்கறித் தம்பியின் பிக்-அப் வண்டி, அதன் கதை.

போன டிசம்பர் 3ஆம் தேதி இரவு ஞாபகம் இருக்கும். மிக்ஜாம் புயல் மழை. தாழம்பூர்ப் பக்கத்திலிருந்து வருகிற தண்ணீர் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போக வழியில்லாமல் நம் தெருவில் நின்றது. அன்று சாயங்காலமே அந்தத் தம்பி கேட்டுக்கு வந்து, "சார், விசிட்டர் பார்க்கிங் மேடா இருக்கு, ராத்திரி மட்டும் வண்டியை விட்டுக்கிறேன்" என்று கேட்டார். வெளியாள் வண்டிக்கு அனுமதி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அப்போது பொருளாளர் நான்தான். செக்யூரிட்டி இன்டர்காமில் என்னைத்தான் கேட்டார். அன்று இரவு விசிட்டர் பார்க்கிங்கில் நின்றது இரண்டே வண்டி.

அவர் வண்டி தெருவில் நின்றது. கதவு விளிம்புக்கு மேலே தண்ணீர் ஏறி, உள்ளே தரை விரிப்பு முழுக்க நனைந்தது. தண்ணீர் வடிந்ததும் வெயிலில் காயவைத்தார், பேட்டரி போட்டார், ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆண்டவன் காப்பாற்றினான் என்று கோயம்பேட்டுக்குப் போய்விட்டார். அந்த இடத்தில்தான் தப்பு நடந்தது. அது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மார்ச் மாதம் தொல்லை ஆரம்பித்தது. நடுராத்திரியில் நாலு இண்டிகேட்டரும் தானாக மின்னும். இடது பக்கம் சிக்னல் போட்டால் வைப்பர் ஓடும். காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு, கோயம்பேட்டில் முழு லோடு ஏற்றிய பிறகு, சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் பார்த்துவிட்டு 'பாடி கன்ட்ரோல் மாட்யூல்' போய்விட்டது என்றார்கள். அதுவும், கூடவே ஒயரிங் ஹார்னஸும் மாற்ற வேண்டும் என்று 31,600 ரூபாய்க்கு எஸ்டிமேட். தம்பி அந்தத் தாளை என்னிடம் காட்டினார். "சார், வீட்ல நகையை வைக்கலாமா, எந்த பேங்க்ல வட்டி கம்மி?" என்று கேட்டார். முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் நகைக்கடன் கவுன்ட்டரில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! எனக்குக் கோபம் வந்தது. "லைட்டு எரியாததுக்கு முப்பதாயிரமா? இது ஏமாற்று வேலை, கொடுக்காதே" என்று வாசலில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். சார் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவரும் வண்டியை ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்துவிட்டார்.

நான் சொன்னதில் பாதி தப்பு. அந்தப் பெட்டி என்ன என்றே தெரியாமல் சொன்னேன். பிறகு கேளம்பாக்கம் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் நானும் கூடவே போய் உட்கார்ந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பழைய வண்டியில் ஸ்விட்சிலிருந்து லைட்டுக்கு நேராக ஒயர் போகும். இப்போதைய வண்டியில் ஸ்விட்ச் வெறும் தகவல்தான் சொல்கிறது. ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர், கதவுப் பூட்டு, ஹாரன் எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுவது டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் அந்தப் பெட்டி. பல வண்டிகளில் சாவியை அடையாளம் பார்த்து எஞ்சினுக்கு அனுமதி தருவதிலும் அதற்குப் பங்கு உண்டு. மற்ற பெட்டிகளோடு அது இரண்டே ஒயரில் பேசிக்கொள்ளும். பாஷ் கம்பெனி 1986இல் அறிமுகப்படுத்திய 'கேன்' என்ற முறை அது. நம் கிளையில் பாஸிங் ஆபீசர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையெழுத்து இல்லாமல் கேஷியர் பணம் தர மாட்டார்.

எலக்ட்ரீஷியன் முதலில் பெட்டியைத் தொடவே இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார். 'யு' எழுத்தில் தொடங்கும் குறிகள் வந்தன. பெட்டிகளுக்குள் பேச்சு அறுந்துவிட்டது என்று அர்த்தம். "யார் பேசலைன்னுதான் இது சொல்லும் சார், ஏன் பேசலைன்னு சொல்லாது" என்றார். பிறகு பேட்டரி வோல்ட், ஃபியூஸ், எர்த். எர்த் ஒயர் பாடியில் முடுக்கியிருக்கும் இடத்தைக் கழற்றினால் பச்சைப் பச்சையாகக் களிம்பு. கணக்கு டேலி ஆகவில்லை என்றால் நாங்கள் லெட்ஜரையா மாற்றுவோம்? தப்பிய வவுச்சரைத் தேடுவோம். அந்த மாதிரி. சுரண்டிச் சுத்தம் செய்து முடுக்கினார், 700 ரூபாய். இண்டிகேட்டர் தானாக மின்னுவது நின்றது.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் வைப்பரும் கதவுப் பூட்டும் வேலை செய்யவில்லை, பேட்டரியும் மறுபடி இறங்கியது. பெட்டியைக் கழற்றித் திறந்து காட்டினார். உள்ளேயும் பச்சை. ஒயரின் உறைக்குள் செப்பு இழைகள் வழியாக, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, தண்ணீர் மெல்ல ஏறிவிடுமாம். மூன்று மாதமாக அரித்திருக்கிறது. ஒர்க்‌ஷாப் சொன்னது மாட்யூல் விஷயத்தில் உண்மைதான். ஹார்னஸ் மட்டும் தேவைப்படவில்லை.

புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்குமே என்றார் தம்பி. எனக்கும் ஆசைதான். ஆனால் இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய பெட்டிக்கு அந்த வண்டியின் சேஸிஸ் எண்ணும் சாவியும்தான் தெரிந்திருக்கும். அதை அழித்து மாற்றி எழுத முடியும் என்று எல்லா மாடலுக்கும் உத்தரவாதம் இல்லை. கடைசியில் புதிதுதான். போட்ட பிறகு இந்த வண்டியில் என்னென்ன வசதி இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் எழுத வேண்டும், சாவிகளைப் பழக்க வேண்டும். இருக்கிற சாவி எல்லாவற்றையும் கொண்டு போக வேண்டும், விட்டுப்போன சாவி பிறகு வேலை செய்யாமல் போகலாம். எழுதும்போது வோல்ட் இறங்கினால் புதுப் பெட்டியே கெட்டுப்போகும் என்று தனியாக சார்ஜர் மாட்டி வைத்தார்கள். ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து 22,800 ரூபாய். பழைய பெட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டோம். நான் வாய் கொடுத்ததால் நாலு நாள் வியாபாரம் போனது தனிக் கணக்கு. நகையும் அடகுக்குப் போனது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அது கடனில் வாங்கிய வண்டி, அதனால் முழு இன்ஷூரன்ஸ் இருந்தது. பாலிசியை எடுத்துப் படித்தேன். வெள்ளம், புயல் சேதத்துக்கு இழப்பீடு உண்டு. அதே தாளில் தேய்மானம், இயந்திரப் பழுது, மின்பழுது ஆகியவற்றுக்குக் கிடையாது என்றும் இருக்கிறது. டிசம்பரிலேயே தகவல் சொல்லி சர்வேயர் வந்து பார்த்திருந்தால் அது வெள்ளச் சேதம். ஏப்ரலில் போய்க் கேட்டால் வெறும் மின்பழுது. வண்டிதான் ஓடுகிறதே என்று அவர் யாருக்கும் சொல்லவே இல்லை. இரண்டிலிருந்து மூன்று வருஷத்துக்குள் இருக்கும் வண்டி என்பதால், பாகங்களின் விலையில் வழக்கமான தேய்மானம் 15 சதவீதம், பிளாஸ்டிக், பேட்டரிக்கு 50 சதவீதம் கழித்துக்கொண்டு மீதி கிடைத்திருக்கும்.

நம் கார்களுக்கும் இதேதான். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போய், நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் உடைந்தால், எஞ்சின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை இல்லாத பாலிசியில் வாதாட வேண்டியிருக்கும். தண்ணீர் மட்டம் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், அன்றே கம்பெனிக்குச் சொல்லுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். வண்டி ஓடினாலும் தரை விரிப்பைத் தூக்கி, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் பெட்டிகளையும் கனெக்டர்களையும் பிரித்துக் காயவைக்கச் சொல்லுங்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வெள்ளத்தில் ஒரு பைசா வராது. நம் பி பிளாக்கில் மட்டும் அப்படி ஐந்து பேர் இருக்கிறோம், நானும் ஒருவன்.

கடைசியாக ஒரு தீர்மானம். வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுக்கிற நாட்களில், விசிட்டர் பார்க்கிங்கில் மூன்று இடம் காய்கறி, பால், தண்ணீர் கேன் கொண்டுவருகிற வண்டிகளுக்கும் நம் செக்யூரிட்டிகளின் இருசக்கர வண்டிகளுக்கும் இரவு நேரத்தில் திறந்துவிட வேண்டும். வண்டி எண்ணை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம், பாதுகாப்புப் பிரச்சினை வராது. மனுவை சங்க அலுவலக மேஜையில் வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்து என்னுடையது. அக்டோபரில் மழை வந்துவிடும், அதற்குள் போட்டுவிடுங்கள்.